நாயில்லாத வீட்டு நாய்க்கிண்ணம்

திரைச்சீலைக்கு அளவெடுத்துவிட்டு வருகிறேன் என்று ஜெம்மா மழைச்சட்டையை மாட்டியபோது, அவள் மாமியார் டோரீன் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"அந்த ஆளு வீட்டுக்குத் திரை எதுக்கு? மச்சு இடிஞ்சு விழுந்தா எல்லாம் தன்னால மூடிக்கும்," என்றாள்.

ஜெம்மா மழைச்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். பதில் சொன்னால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் ராத்திரிக் குழம்பில் உப்பு ஏறும். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டின் பின்னறையில்தான் அவளும் கணவன் ரஸ்ஸலும் குடியிருக்கிறார்கள். அவள் கழுவிவைத்த தட்டுகளை டோரீன் அவள் கண்ணெதிரே எடுத்து மறுபடி கழுவுவாள். அவள் குளிக்கப் போனால் வெந்நீரை நிறுத்துவாள். பாலாடைக்கட்டியில் கத்தி நுனியால் கோடு கிழித்துவைத்து, மறுநாள் கோடு எங்கே போயிற்று என்று மகனைக் கேட்பாள். பள்ளிக்கூடச் சமையலறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப்போட்டுவிட்டு வருகிறவள், தன் வாய்க்கு ஒரு முட்டை பொரிக்க அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இன்னொரு குளிர்காலம் இங்கே தாங்காது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தாங்கினால் இரண்டு பொம்பளைகளில் ஒருத்தியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்.

வட இங்கிலாந்தின் பள்ளத்தாக்கு ஊரான டாட்மொர்டனில் வீடு வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. பள்ளத்தில் வாங்கினால் ஆறு ஒருநாள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துவிடும். மேட்டில் வாங்கலாமென்றால் மான்செஸ்டரிலிருந்து வந்தவர்கள் விலையை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வெள்ளம் ஏறாத உயரத்தில், இவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது குவாரி தெருவில் ஒரே ஒரு வீடுதான். கல்லால் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி. போயும் போயும் அது நார்மன் ஆர்மிட்டேஜின் வீடாக இருந்து தொலைந்தது.

நார்மன் அந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளுக்கு, வீட்டைச் சூடாக்கி வெந்நீர் தரும் பாய்லர் மாட்டியவர். ரஸ்ஸல் பள்ளிக்கூடம் முடித்ததும் அவரிடம்தான் வேலைக்குச் சேர்ந்தான். அப்போது ஒருமுறை, மெத்தடிஸ்ட் என்கிற கிறிஸ்தவ சபையின் கூடத்துக்குப் புதுக் குழாய் போட்டார்கள். அறுப்பின் பண்டிகை விருந்தன்று, பூசணிக்காயும் ரொட்டியும் அடுக்கியிருந்த மேசைகளின் மேல் மச்சு மொத்தமும் தண்ணீரோடு இறங்கிவிட்டது. யாருக்கும் பெரிய அடியில்லை, போதகர் மட்டும் சுண்ணாம்பில் குளித்து எழுந்தார். மறுநாள் நார்மன் ரஸ்ஸலை வேலையைவிட்டு விரட்டினார். கிழவன் தான் கோட்டைவிட்டதைப் பையன் தலையில் கட்டிவிட்டான் என்று டோரீன் சொன்னாள். ரொட்டிக்கடையில் சொன்னாள், பேருந்து நிறுத்தத்தில் சொன்னாள், யாராவது செத்தால் அடக்கத்துக்குப் போன இடத்திலும் சொன்னாள். நார்மன் ஏற்கெனவே சிடுமூஞ்சி. அவரைப் பற்றி ஒரு கெட்டதை நம்ப யாருக்கும் கஷ்டமாக இல்லை. அவரைக் கூப்பிடுவது குறைந்தது, பிறகு நின்றே போனது. அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. ரஸ்ஸல் சில காலம் சும்மா இருந்துவிட்டு நகராட்சிக் குப்பை லாரி ஓட்டப் போனான்.

அந்த வீட்டைப் பார்க்க ரஸ்ஸல் வந்ததே பெரிது. அன்றைக்கு நார்மன் வெளியே போயிருந்தார், வீட்டுத் தரகன்தான் காட்டினான். சமையலறைச் சுவரில் ஓர் அலமாரி, அதற்குள் பாய்லர். குழாய் வேலை தெரிந்தவன் நீதானே, பார் என்று ஜெம்மா சொன்னாள். ரஸ்ஸல் தலையை உள்ளே விட்டான். விட்ட வேகத்தில் எடுத்தான். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடிப்படியைப் பார்க்கப் போய்விட்டான். வீட்டை ஆய்வு செய்ய வந்த அதிகாரியோ பாய்லரைச் சோதிக்கவில்லை என்று கூச்சமில்லாமல் எழுதிக்கொடுத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை கையெழுத்து, அன்றைக்கே சாவி என்று வக்கீல்கள் பேசி முடித்திருந்தார்கள்.

மழையில் நனைந்து மேடேறிப் போய் நின்றவளை நார்மன் கால்முதல் முழங்கால்வரை பார்த்தார். அதற்கு மேலே பார்க்கவில்லை. காலைத் துடைத்துக்கொண்டு வரச் சொன்னார். டீ குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் கடன் வசூலிக்க வந்தவனிடம்கூட டீ வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் மூஞ்சியில் அறைந்ததற்குச் சமம். ஜெம்மா அதை வாங்கிக்கொண்டு முன்னறை ஜன்னலை அளந்தாள். சுவரில் பென்சில் வைத்துவிடுவாளோ என்று அவர் பின்னாலேயே நடந்தார். வெள்ளிக்கிழமைவரை சுவர் தன்னுடையது என்று இரண்டு முறை ஞாபகப்படுத்தினார்.

சமையலறை ஜன்னலுக்கு எட்டி நின்றபோது அவள் காலில் ஏதோ இடறியது. பீங்கானில் செய்த நாய்க்கிண்ணம். தண்ணீர் தளும்பி அவள் காலுறையை நனைத்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"நாய் வளர்க்கிறீங்களா?"

"ஆமா," என்றார் நார்மன்.

"எங்க அது?"

"வெளிய போயிருக்கு."

"தனியாவா, இந்த மழையில?"

"அதுக்கு விவரம் உண்டு."

ஜெம்மா தரையைத் துடைத்தே கை காய்த்தவள். நாய் புழங்கும் தரை எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே ஒரு முடி இல்லை, ஒரு வாடை இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே பாய்லர் அலமாரியின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. டீத்தண்ணீர் நிறத்தில், கிண்ணத்தின் நட்டநடுவில் விழுந்தது. அடுத்தவர் வீட்டு அலமாரியைக் கேட்காமல் திறக்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. வீடு வாங்க வந்தவர்கூட, திறக்கலாமா என்று கேட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுத்தான் திறப்பார். ஜெம்மா கேட்காமல் திறந்தாள். பாய்லரின் அடியில் பித்தளை இணைப்பு ஒன்று பச்சை பூத்து, சொட்டுச் சொட்டாக அழுதுகொண்டிருந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த வீட்டுக்காக எத்தனை நாள் டோரீனின் வாயில் விழுந்து எழுந்திருக்கிறாள். ஓட்டையை மறைத்து நாய்க்கிண்ணம் வைத்து விற்கிற வேலையை இத்தனை வயதில் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். கிண்ணத்தில் தவறாமல் தண்ணீர் இருப்பதால் எந்த நாயும் குறை சொல்லாது என்றார் அவர். வேறு ஒரு பாய்லர்காரரைக் கூட்டிவந்து காட்டப்போகிறேன் என்றாள். வேறு பாய்லர்காரன் வாசற்படியில் கால் வைத்தால் அந்த நிமிஷமே விற்பனை இல்லை, தரகனிடம் சொல்லிவிட்டு நீ உன் மாமியாரிடம் போகலாம் என்றார். அவர் பேச்சில் கோபம்கூட இல்லை. கடைக்காரர் சில்லறை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அப்போதுதான் ஜெம்மா சொல்லக்கூடாததைச் சொன்னாள்.

"சபைக் கூடத்துல செஞ்சதையேதான இங்கயும் செய்றீங்க? ஓட்டை போடுறது நீங்க, பழி இன்னொருத்தனுக்கு."

நார்மன் அவளைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார். பிறகு இழுப்பறையை மணிக்கட்டால் இழுத்துத் திறந்து, ஸ்பேனர் எது என்று காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் ஏன் எடுக்கவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு கையிலும் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி, பிரிக்க முடியாமல் கிடந்தன. ஒரு டீக்கோப்பையை அவர் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில்தான் பிடிப்பார்போல.

"கழட்டிப் பாரு," என்றார். "யாரு போட்டதுன்னு உனக்கே தெரியும்."

பாய்லரை அணைத்து ஆறவிட்டார்கள். அவ்வளவு நேரமும் இருவரும் உட்காரவில்லை. ஆறியபின் அவர் ஏவினார், அவள் செய்தாள். இந்த வால்வை மூடு. அது இல்லை, உனக்குக் கண் தெரியுமா. வாளியை வை, தரையிலே வைக்காதே, இணைப்புக்கு நேரே வை. பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் பிள்ளைகளுக்கு அவித்துக்கொட்டுகிறாயா. ஜெம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்பினாள். இந்த ஆளிடம் ஒரு பதினாறு வயதுப் பையன் நாள் முழுக்க நின்றிருக்கிறான் என்று நினைத்தபோது ரஸ்ஸலின் மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. கிழவனின் வாய் பொல்லாதது என்று ரஸ்ஸல் சொன்னதாவது பொய்யில்லை.

இணைப்பு கழன்று வந்தது. தண்ணீர் கசியாமலிருக்க மரையின் மேல் சுற்றியிருந்த வெள்ளை டேப், சுருண்டு மடங்கி, ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது.

மரை எந்தப் பக்கம் முறுகுமோ அந்தப் பக்கமாகத்தான் டேப்பைச் சுற்ற வேண்டும் என்றார் நார்மன். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்க முறுக்க அது பிரிந்து ஒதுங்கிவிடும். ஒரு வருடம் தாங்கும், பத்து வருடமும் தாங்கும், பிறகு ஒருநாள் வேலையைக் காட்டும். இதை இந்தச் சமையலறையிலேயே நின்று அவர் ஒருவனுக்குச் சொல்லியிருக்கிறார். தினமும் சொன்னார், அவன் தினமும் தலையாட்டினான்.

"இப்படிச் சுத்துறதுக்கு எந்தக் கை வேணும், சொல்லு."

இடது கை. டப்பா திறப்பானோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன், கத்தரிக்கோலைத் திட்டுகிறவன், இவளோடு ஒரு மேசையில் சாப்பிட்டால் முழங்கை இடிக்கும் என்று எப்போதும் இடது ஓரத்தில் உட்காருகிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு இந்த அலமாரிக்குள் விட்ட தலையை அவன் ஏன் அவ்வளவு வேகமாக வெளியே எடுத்தான் என்பதும் தெரிந்துவிட்டது.

"சபைக் கூடத்துலயும் இதேதானா?"

"இதேதான். இடிஞ்ச அன்னிக்கே கழட்டிப் பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நான் வேலைக்கு வச்ச பய. அவன் கை போட்டது என் கை போட்டதுதான். ஊர்ல போய் ஒப்பாரி வைக்க நான் என்ன டோரீனா?"

ஓட்டை போட்டதற்காக அவனை விரட்டவில்லை என்றார். இணைப்பை அவன் முன்னால் வைத்து, இது யார் போட்டது என்று கேட்டிருக்கிறார். நான் போடவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அதற்குத்தான் விரட்டினார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் கெட்ட வார்த்தையில் குளிப்பாட்டிவிட்டு வைத்துக்கொண்டிருப்பாராம். இங்கே சொட்ட ஆரம்பித்தபோது அவர் விரல்கள் ஏற்கெனவே மடங்கியிருந்தன. வேறு ஒருவனைக் கூப்பிட்டால் அவன் கழற்றிப் பார்ப்பான், பார்த்ததைப் போகிற வீட்டிலெல்லாம் சொல்வான். நார்மன் பழக்கிய பையன் டேப் சுற்றத் தெரியாதவன் என்று ஊர் சொல்வதைவிட, நாய்க்கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் கொட்டுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இதில் ரஸ்ஸலின் மேல் அன்பு எவ்வளவு, தன் பெயரின் மேல் ஆசை எவ்வளவு என்று ஜெம்மாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் முகத்தில் அன்பு எதுவும் தென்படவில்லை.

மரையைத் துணியால் துடைக்கச் சொல்லி, புது டேப்பைச் சுற்றச் சொன்னார். முதல் தடவை தொளதொளவென்று இருக்கிறது என்று பிரிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை பரவாயில்லை, கழுதைக்குக் கட்டுப்போடலாம் என்றார். மூன்றாம் தடவை ஒன்றும் சொல்லவில்லை. அவள் மாட்டி முறுக்கி, தண்ணீரைத் திறந்து, பாய்லரை ஏற்றிவிட்டாள். இணைப்பின் அடியில் காகிதத் துண்டை ஒற்றிக் காட்டச் சொன்னார். காகிதம் காய்ந்தே இருந்தது.

"போதும்," என்றார் நார்மன். அந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு மேல் ஒருவரைப் புகழ யாருக்கும் தெரியாது. அப்போதும் அவர் டீ குடிக்கிறாயா என்று கேட்கவில்லை.

அவள் வீடு திரும்பியபோது மேசையில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காடியில் ஊறிய சிவப்பு முட்டைகோஸ். ரஸ்ஸல் வழக்கம்போல இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், குப்பை லாரியின் வாடை இன்னும் அவன் மேல் இருந்தது. அந்த ஆள் ஒரு வாய் டீ கொடுத்தானா என்று டோரீன் கேட்டாள். இல்லை என்றாள் ஜெம்மா. பார்த்தாயா என்று டோரீன் மகனைப் பார்த்தாள். அப்படிப்பட்டவன்தானே தன் குற்றத்தை என் பிள்ளை தலையில் ஏற்றினான் என்று ஆரம்பித்து, கூடம், பூசணிக்காய், போதகர் என்று வரிசையாக எடுத்தாள்.

"பாய்லர் ஒழுகிட்டிருந்துச்சு," என்றாள் ஜெம்மா. "கழட்டிப் பார்த்தேன். டேப் தலைகீழா சுத்தியிருந்துச்சு, ரஸ்ஸல்."

ரஸ்ஸலின் கரண்டி பாதி வழியில் நின்றது. அவன் மறுப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். மறுத்தால் என்ன செய்வது என்றுகூட மேட்டிலிருந்து இறங்கும்போது யோசித்து வைத்திருந்தாள். அவன் மறுக்கவில்லை.

"தலைய உள்ள விட்டதுமே தெரிஞ்சுது," என்றான். "ஒழுகுதுன்னு சொன்னா யார் போட்டதுன்னு கேப்ப."

"ஒழுகுற வீட்டை நான் வாங்கினா பரவாயில்லையா?"

"அப்புறமா யாருக்கும் தெரியாம நானே சரி பண்ணிடலாம்னு நினைச்சேன்."

"கூடம்?"

அவன் தட்டைப் பார்த்தான். அதுவும் நான்தான் என்றான். சொல்லும்போது குரல் பதினாறு வயதுக்காரன் குரலாக இருந்தது.

ஜெம்மா டோரீனைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு வருடம் ஊரெல்லாம் சுமந்து திரிந்த கதை பொய்யென்று கேட்டு இடிந்துபோயிருப்பாள் என்று நினைத்தாள். டோரீன் முட்டைகோஸை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "அன்னிக்கே தெரியும். இவன் மூஞ்சியப் பார்த்தா தெரியாதா?"

"தெரிஞ்சுமா அவரை இப்படி ஊரெல்லாம்..."

"என் பிள்ளை போட்ட குழாயால கூடம் இடிஞ்சுதுன்னு நானே சொல்லிட்டு அலையணுமா? அதுக்கப்புறம் யாரு இவனுக்கு வேலை குடுப்பா? அந்த ஆளுக்குப் பொண்டாட்டியா, பிள்ளையா? ஒண்டிக்கட்டை. தாங்குவான்."

ஜெம்மாவுக்கு அந்த நேரம் டோரீனின் மேல் இருந்த வெறுப்பில் ஒரு பங்கு பயமாக மாறியது. இந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. அவள் ஒருத்திதான் கதையை நம்பிக்கொண்டு தட்டு கழுவியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை இவனோடு போய்ப் புது வீட்டில் இறங்கினாலும் இதே மேசையைத்தான் அங்கே தூக்கிக்கொண்டு போகப்போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"இப்பவே மேட்டுக்குப் போய் அவர்கிட்ட சொல்லு," என்றாள் ரஸ்ஸலிடம். "சொல்லலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடலைன்னா நாம இங்கதான கிடக்கணும்?"

"நீ கிடப்ப. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். வீடும் வேணாம், நீயும் வேணாம்."

டோரீன் சிரித்தாள். மகாராணி இந்த வீட்டுக்காக எத்தனை ஆட்டம் ஆடினாள், அதை விட்டுவிடுவாளாம், நம்பாதேடா என்றாள். ஜெம்மா எழுந்து தன் தட்டைத் தொட்டியில் வைத்தாள், கழுவவில்லை. டோரீனுக்குச் சிரிப்பு நின்றது. ரஸ்ஸல் குழம்பைக் கடைசிச் சொட்டுவரை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டான். போகாதே, அந்த ஆள் உன்னை வாசலில் வைத்து அவமானப்படுத்துவான் என்று அம்மா சொல்வதையும் முழுக்கக் கேட்டான். பிறகு எழுந்து காலணியை மாட்டினான்.

குவாரி தெருவில் விளக்கு போட்டிருந்தார்கள். மழை தூறலாகியிருந்தது. நார்மன் கதவைச் சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்தார். இடுக்கில் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன.

"சபைக் கூடத்து இணைப்பு நான் போட்டது," என்றான் ரஸ்ஸல். "உங்க வீட்டுதும் நான் போட்டது. அன்னிக்குப் பொய் சொன்னேன்."

"கேக்கல."

ரஸ்ஸல் மறுபடி சொன்னான்.

"எனக்குக் கேட்டுச்சு," என்றார் நார்மன். "எதிர் வீட்டு க்ளெக் அம்மாவுக்குக் கேக்கல. உங்க அம்மா சொன்னதெல்லாம் அவங்களுக்கு நல்லா கேட்டுச்சு. அன்னிலேருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசினதில்ல. இந்த வரிசையில எவனும் பேசினதில்ல."

ரஸ்ஸல் ஜெம்மாவைத் திரும்பிப் பார்த்தான். போதும், சொல்லிவிட்டாய், வா போகலாம் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தான். அவளுக்கும் நாக்கு நுனிவரை வந்தது. கிழவன் பொல்லாதவன், பழிக்குப் பழி வாங்குகிறான் என்று தெரிந்தது. ஆனாலும் தெருவுக்கே கேட்கச் சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில் தப்பில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரஸ்ஸல் தெருவைப் பார்த்துத் திரும்பினான். குப்பை லாரியில் பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று கத்திப் பழகிய குரல் அவனுக்கு. சபைக் கூடத்தின் மச்சு இடிந்தது தன்னால்தான், நார்மனால் இல்லை என்று கத்தினான். இரண்டு வீட்டில் திரை விலகியது. க்ளெக் அம்மா கம்பளிச் செருப்போடு வாசலுக்கு வந்து, என்ன சொல்கிறான் இந்தப் பையன் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டாள். அவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. ரஸ்ஸல் இன்னொரு முறை சொன்னான், இந்தத் தடவை தன் பேரையும் அம்மா பேரையும் சேர்த்துச் சொன்னான். சொல்லி முடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்தது. க்ளெக் அம்மா அவனை விட்டுவிட்டு நார்மன் வீட்டுக் கதவிடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவி வெள்ளிக்கிழமை தரகன்கிட்ட இருக்கும்," என்று சொல்லிவிட்டு நார்மன் கதவைச் சாத்தினார்.

இருவரும் சரிவில் இறங்கினார்கள். பாதித் தெரு இன்னும் வாசலில் நின்று அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. முனை திரும்பும்வரை ரஸ்ஸல் தலையைத் தூக்கவில்லை.

"இனி இவங்களுக்கு நடுவுலயா நாம குடியிருக்கணும்?" என்றான்.

"ஆமா," என்றாள் ஜெம்மா. "இனி இருக்கலாம்."